வணக்கமும் அறமும்: இஸ்லாமைப் புரிந்துகொள்வதில் ஒரு நீண்ட வழக்கு

ஒரு மதத்தை அதன் வழிபாட்டு முறைகளைக் கொண்டு அறிவதா, அது மனிதரிடம் வளர்க்க விரும்பும் பண்புகளைக் கொண்டு அறிவதா? இஸ்லாம் பற்றிய பேச்சில் இந்தக் கேள்வி ஓயாமல் எழுகிறது. தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகியவை வெளியே தெரிபவை. நீதி, இரக்கம், வாக்குத் தவறாமை, மனிதர் அனைவரும் சமம் என்ற எண்ணம் ஆகியவை உள்ளே ஓடுபவை. பின்னவற்றைப் பற்றிக்கொண்டால் இஸ்லாமின் சாரம் கிடைத்துவிடும் என்கிறார்கள் ஒரு சாரார். அப்படிப் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது பொதுவான நல்லொழுக்கம்தான், அதற்கு இஸ்லாம் என்ற பெயர் எதற்கு என்று மறுக்கிறார்கள் இன்னொரு சாரார். சமய நல்லிணக்க மேடைகளில் அண்மையில் முளைத்த விவாதம் போல இது தோன்றலாம். ஆனால் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே இது தொடங்கிவிட்டது. இதில் உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு.

மூலநூல்களில் கோடு எங்கே விழுகிறது?

சடங்கைவிடப் பண்பே பெரிது என்போர் முதலில் காட்டுவது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தின் 177ஆம் வசனத்தை. கிழக்கு நோக்குவதா மேற்கு நோக்குவதா என்பதில் புண்ணியம் இல்லை என்று தொடங்கும் அந்த வசனம் எது புண்ணியம் என்று அடுக்கிச் சொல்கிறது. அந்த அடுக்கு கவனிக்கத் தக்கது. நம்பிக்கை முதலில் வருகிறது. அடுத்து உறவினர், அநாதை, ஏழை, வழிப்போக்கர், அடிமை ஆகியோருக்காகப் பொருள் செலவிடுவது. அதன் பிறகே தொழுகையும் ஸகாத் என்னும் கட்டாயக் கொடையும். முடிவில் வாக்கைக் காப்பதும் துன்பத்தில் பொறுமையும். வழிபாடு பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது தலையிலும் இல்லை, தனித்தும் இல்லை. 107ஆம் அத்தியாயம் இன்னும் கடுமையானது: அநாதையை விரட்டி, அண்டை வீட்டாருக்குச் சிறு உதவியும் மறுத்துக்கொண்டே தொழுபவரை அது கண்டிக்கிறது.

ஹதீஸ்களிலும் இதே தொனி உண்டு. தொழுகை, நோன்பு, ஸகாத் ஆகியவற்றோடு மறுமைக்கு வரும் ஒருவர், பிறரை ஏசியதற்கும் பிறர் பொருளைத் தின்றதற்கும் ஈடாகத் தம் நன்மைகளையெல்லாம் கொடுத்துத் தீர்த்து ஓட்டாண்டியாக நிற்பார் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. இறைவனுக்குரிய கடமையில் தவறினால் அவன் மன்னிக்கக்கூடும். மனிதருக்குச் செய்த அநீதியைப் பாதிக்கப்பட்டவர் மன்னிக்கும் வரை கணக்கு தீராது என்ற கருத்து இதிலிருந்து வளர்ந்தது.

ஆனால் இதே மூலங்கள் வழிபாட்டையும் பண்பையும் இரண்டாக வெட்டுவதற்கு இடம் தருவதில்லை. செய்த சத்தியத்தை முறித்தவருக்குக் குர்ஆன் சொல்லும் பரிகாரம் பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ கொடுப்பது, அல்லது ஓர் அடிமையை விடுவிப்பது. அதற்கு வசதியற்றவர் மட்டுமே மூன்று நாள் நோன்பு வைக்க வேண்டும். ஸகாத்தைப் பாருங்கள். ஃபிக்ஹ் என்னும் சட்ட நூல்கள் அதைத் தொழுகைக்கும் நோன்புக்கும் நடுவே வணக்கம் என்று வைக்கின்றன. அது போய்ச் சேருவதோ ஏழையின் கைக்கு. 632இல் நபிகள் நாயகம் மறைந்தபின், தொழுவோம், ஆனால் ஸகாத் தரமாட்டோம் என்று சில குலங்கள் சொன்னபோது, தொழுகையையும் ஸகாத்தையும் பிரிப்பவரோடு போரிடுவேன் என்றார் முதல் கலீஃபா அபூபக்கர். தொடக்கத்தில் தயங்கிய உமரும் பின்னர் அவரோடு உடன்பட்டார். அங்கே தொழுகையைக் காத்து ஏழையின் பங்கை விட்டவர்கள்தான் எதிர்த்தரப்பில் நின்றார்கள். இன்றைய விவாதத்தில் இரு தரப்பாரும் இதை எடுத்துப் பேசாதது வியப்பளிக்கிறது.

அறிவா, இறைச்செய்தியா?

657இல் முஸ்லிம்களுக்கிடையே நடந்த ஸிஃப்பீன் போருக்குப் பின் எழுந்த கேள்வி இது: பெரும்பாவம் செய்த முஸ்லிம் முஸ்லிமாகவே இருக்கிறாரா? இல்லை என்றனர் காரிஜிய்யாக்கள். தீர்ப்பு இறைவனுடையது, நாம் சொல்வதற்கில்லை என்றனர் முர்ஜிஆக்கள். நம்பிக்கைக்கும் செயலுக்கும் உள்ள உறவு பற்றிய இந்த வாக்குவாதத்திலிருந்துதான் பஸ்ராவில் முஃதஸிலாக்கள் கிளைத்தனர். அவர்களுடைய கொள்கையில் நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது ஒன்று உண்டு: நன்மை தீமையை மனித அறிவு தானாகவே அறிய முடியும், இறைவன் நீதியைக் கட்டளையிடுவது அது நீதி என்பதால்தான். அப்படியானால் அறம் எல்லா மனிதருக்கும் பொது.

மறுமொழி அபுல் ஹஸன் அல்அஷ்அரியிடமிருந்து வந்தது. முஃதஸிலாவாக இருந்து விலகியவர் அவர். இறைவன் ஏவியது நன்மை, விலக்கியது தீமை. அதற்கு வெளியே நின்று அளக்கும் கோல் மனிதரிடம் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. சமர்கந்தைச் சேர்ந்த மாத்துரீதி இரண்டுக்கும் இடையில் நின்றார். அடிப்படையான நன்மை தீமைகளை அறிவு உணரும் என்று ஒப்புக்கொண்டார். ஹனஃபி மத்ஹபினர் (சட்டப் பள்ளியினர்) மரபாக இவரைப் பின்பற்றுவோர் என்பதால், உலக முஸ்லிம்களில் மிகப் பெரும் பகுதியினரின் இறையியல் பொது அறத்துக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. இது போதிய கவனம் பெறவில்லை.

முஃதஸிலாக்களின் பலவீனம் வாதத்தில் இருந்ததைவிட நடத்தையில் இருந்தது. 833இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற அவர்களுடைய கொள்கையை ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) மீது விசாரணை வைத்துத் திணித்தார். அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையும் சவுக்கடியும் பட்டார். அறிவின் பெயரால் நடந்த அந்தக் கொடுமை பகுத்தறிவு வாதத்தின் மீது ஒரு கறையாகப் படிந்தது. அஷ்அரி தரப்புக்கும் ஒரு சிக்கல் உண்டு. கட்டளையே அறம் என்றால், இறைவன் நீதியுள்ளவன் என்று சொல்வதற்கு என்ன பொருள்? இதற்கு அவர்கள் தந்த விடைகள் நுட்பமானவை. எல்லாரையும் அவை நிறைவடையச் செய்யவில்லை.

சட்டத்தின் நோக்கங்கள்

கஸ்ஸாலி (1058–1111) இந்த விவாதத்தை வேறொரு தளத்துக்குக் கொண்டுபோனார். 1095இல் பக்தாதின் நிஸாமிய்யா கல்விக்கூடப் பதவியை விட்டு வெளியேறியவர், இஹ்யா உலூமித்தீன் நூலை நாற்பது பகுதிகளாக எழுதினார். முதல் காற்பங்கு வணக்கங்களைப் பற்றியது. தொழுகையின் விதிகளோடு அதன் உட்பொருளையும் அவர் பேசுகிறார். ஸகாத் கொடுப்பவர் பெறுபவரின் மனம் நோகாமல் கொடுக்க வேண்டிய முறையை விரிக்கிறார். அடுத்தடுத்த காற்பங்குகள் அன்றாட வாழ்க்கை, அழிவைத் தரும் குணங்கள், ஈடேற்றம் தரும் குணங்கள் என்று விரிகின்றன. வணக்கத்தில் தொடங்கிக் குணத்தில் முடியும் இந்த வரிசையே அவருடைய வாதம் எனலாம். ஆனால் மெய்ஞ்ஞானம் கிட்டியபின் சட்டம் வேண்டாம் என்றவர்களை அவர் கடுமையாக எதிர்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டவியலில் அவர் வகுத்த ஐந்து நோக்கங்கள் பின்னாளில் பெரும் செல்வாக்குப் பெற்றன: மார்க்கம், உயிர், அறிவு, வம்சம், உடைமை ஆகியவற்றைக் காப்பது. கிரனடாவின் ஷாத்திபி (இறப்பு 1388) இதை ஒரு முழுக் கோட்பாடாக விரித்தார். இருபதாம் நூற்றாண்டில் தூனிசியாவின் இப்னு ஆஷூர் சமத்துவத்தையும் சுதந்திரத்தையும் நோக்கங்களின் வரிசைக்குக் கொண்டுவந்தார். ஷரீஅத்துக்கும் மனித உரிமைக்கும் பாலம் தேடுவோர் இன்று பெரும்பாலும் இந்த வழியிலேயே நடக்கிறார்கள்.

இவ்வழியில் இரண்டு தடைகள். ஒன்று தர்க்கம் சார்ந்தது. சட்டங்களைத் தொகுத்துப் பார்த்து நோக்கங்களைக் கண்டெடுக்கிறோம். பிறகு அதே நோக்கங்களைக் கொண்டு சட்டங்களைத் திருத்துகிறோம். எந்தச் சட்டம் சான்று, எந்தச் சட்டம் திருத்தத்துக்குரியது என்பதை முடிவுசெய்வது யார்? மற்றது ஷாத்திபியே வைத்தது. கொடுக்கல் வாங்கல் போன்ற உலகியல் காரியங்களில் காரணத்தையும் பயனையும் தேடலாம். வணக்கங்களிலோ பணிந்து செய்வதே அடிப்படை என்று அவர் பிரித்தார். மாலைத் தொழுகை ஏன் மூன்று ரக்அத் என்ற கேள்விக்குப் பயன் சார்ந்த விடை இல்லை. சடங்குக்கு அப்பால் போக ஷாத்திபியைத் துணைக்கு அழைப்பவர்கள் இந்தப் பிரிவினையைப் பேசாமல் கடந்துவிடுகிறார்கள். அது சரியான வாசிப்பு ஆகாது.

முப்பது அநாதைகள்

922 மார்ச்சில் பக்தாதில் கொல்லப்பட்ட சூஃபி மன்சூர் ஹல்லாஜ் என்றதும் ‘அனல் ஹக்’ (நானே மெய்ப்பொருள்) என்ற முழக்கமே பலருக்கு நினைவு வரும். வழக்கில் அவரை வீழ்த்தியதாக வரலாற்றாசிரியர் மிஸ்கவைஹ் பதிவுசெய்வது வேறொன்றை. அமைச்சர் ஹாமித் முன்னிலையில் ஒரு தாள் வாசிக்கப்பட்டது. ஹஜ் செய்ய இயலாதவர் தம் வீட்டில் ஓர் அறையைத் தூய்மையாக ஒதுக்கி, ஹஜ்ஜின் நாட்களில் அதைச் சுற்றிவந்து, முப்பது அநாதைகளை அழைத்து, நல்ல உணவைத் தம் கையாலேயே பரிமாறி, ஆளுக்கொரு சட்டையும் கொஞ்சம் பணமும் கொடுத்தால் அது ஹஜ்ஜுக்கு ஈடாகும் என்றிருந்தது. இதை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டார் காழி அபூ உமர். ஹஸன் பஸ்ரியின் ஒரு நூலிலிருந்து என்றார் ஹல்லாஜ். அந்த நூலை மக்காவில் நாங்கள் பாடம் கேட்டிருக்கிறோம், அதில் இப்படி எதுவும் இல்லை என்று சினந்த காழி, கொல்லத்தக்கவனே என்று பொருள்படும் ஒரு சொல்லை உதிர்த்தார். அமைச்சர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுத்தில் தரும்படி வற்புறுத்தி வாங்கினார்.

இந்த வழக்கில் அரண்மனை அரசியலின் பங்கு பெரிது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரும்பாலும் உடன்பாடு உண்டு. ஆனாலும் அந்தத் தாள் முக்கியமானது. அதில் சடங்கு ஒழிக்கப்படவில்லை. அறையைச் சுற்றிவருவது இருக்கிறது. அதனோடு அநாதையின் பசி சேர்க்கப்பட்டிருக்கிறது. வழக்கு மன்றம் பார்த்ததோ, கடமையான ஒன்றுக்கு மாற்றைச் சொல்ல ஒரு தனிமனிதருக்கு என்ன அதிகாரம் என்பதை மட்டும்.

பின்வந்த சூஃபிகள் பலர் மோதலைத் தவிர்த்தனர். தில்லியின் நிஸாமுத்தீன் அவுலியா (இறப்பு 1325) வணக்கத்தை இரு வகையாகப் பார்த்தார்: தொழுகை, நோன்பு போல அதன் பயன் செய்பவரோடு நிற்பது ஒன்று, பிறரைச் சென்றடைவது மற்றொன்று. இரண்டாவதன் நற்பலனுக்கு அளவில்லை என்றார். தமிழில் தக்கலை பீர் முகம்மது அப்பாவும் குணங்குடி மஸ்தான் சாகிபுவும் (1792–1838) ஷரீஅத்திலிருந்து மஃரிபத் என்னும் மெய்ஞ்ஞானம் நோக்கிச் செல்லும் இந்த உள்வழியைத் தமிழ்ச் சித்தர் மரபின் சொல்வளத்தோடு பாடினார்கள். சமயம் கடந்து தமிழர் ஓதும் பாடல்களாக அவை நிற்கின்றன.

சூஃபி விடையின் பலவீனம் அதன் வரலாற்றிலேயே தெரிகிறது. சடங்குக்கு அப்பால் அழைத்த ஞானிகளின் அடக்கத்தலங்களில் உரூஸ், கந்தூரி, சந்தனக்கூடு என்று புதிய சடங்குகள் வளர்ந்தன. குருவின் சொல்லே சான்று என்றானபோது, ஹல்லாஜிடம் காழி கேட்ட கேள்வி பதிலின்றி நின்றது. அதே தர்காக்களில் எந்த மதத்தவரும் பசியாறலாம் என்ற வழக்கமும் அந்தச் சடங்குகளோடுதான் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

நவீனச் சிந்தனையாளர்கள்

1930களின் தொடக்கத்தில் வெளிவரத் தொடங்கிய தர்ஜுமானுல் குர்ஆன் விரிவுரையில் மௌலானா அபுல் கலாம் ஆஸாத், எல்லா இறைத்தூதர்களும் கொண்டுவந்த மார்க்கம் ஒன்றே, வழிபாட்டு முறைகளும் சட்டங்களுமே காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வேறுபட்டன என்று விளக்கினார். அப்படியானால் நபியை ஏற்பதும் தொழுவதும் தேவையில்லை என்கிறீர்களா என்று எதிர்த்தரப்பு கேட்டது. அது தம் கருத்தல்ல என்று ஆஸாத் மறுத்தார். அந்த மறுப்புக்குப் பிறகும், வேறுபடும் பகுதி ஏன் கட்டாயம் என்ற கேள்வி நிற்கிறது.

பாகிஸ்தானின் ஃபஸ்லுர் ரஹ்மான் (1919–1988) இன்னும் முறையியல் சார்ந்து பேசினார். ஒரு கட்டளையை அது அருளப்பட்ட சூழலுக்குள் கொண்டுபோய் அதன் அறநோக்கத்தைக் கண்டறிந்து, அந்த நோக்கத்தோடு நம் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்றார். 1968இல் எழுந்த எதிர்ப்பால் நாட்டை விட்டு வெளியேறி, பின்னர் சிகாகோவில் பணியாற்றினார். சூடானின் மஹ்மூத் முஹம்மத் தாஹா மேலும் துணிந்தார். மக்காவில் அருளப்பட்ட வசனங்களே எக்காலத்துக்குமான மனித சமத்துவச் செய்தி, மதீனாவின் சட்டங்கள் ஏழாம் நூற்றாண்டுக்கு உரியவை என்றார். நுமைரி அரசு கொண்டுவந்த ஷரீஅத் சட்டங்களை எதிர்த்துத் துண்டறிக்கை வெளியிட்டதற்காக 1985 ஜனவரி 18 அன்று கார்ட்டூமில் அவர் தூக்கிலிடப்பட்டார். வயது எழுபதைத் தாண்டிய ஒருவரை எழுத்துக்காகக் கொன்ற அந்தச் செயலுக்கு எந்த நியாயமும் கற்பிக்க முடியாது. அவருடைய கோட்பாட்டை மறுப்பது வேறு: மக்காவில் அருளப்பட்டவற்றிலும் வழிபாட்டு ஏவல்கள் உண்டு, மதீனாவில் அருளப்பட்டவற்றில்தான் மேலே சொன்ன 177ஆம் வசனமும் இருக்கிறது.

பொது மனித விழுமியம் என்பதே யாருடைய வரையறை என்ற சிக்கலும் இக்காலத்தில் கூர்மையடைந்தது. 1948இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தில் மதம் மாறும் உரிமை பற்றிய 18ஆம் பிரிவைச் சவூதி அரேபியா எதிர்த்தது. வாக்கெடுப்பில் விலகி நின்றது. பாகிஸ்தானின் ஸஃபருல்லா கான் குர்ஆனை மேற்கோள் காட்டி அதே பிரிவை ஆதரித்தார். அவர் அஹ்மதியா பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவினரை முஸ்லிம் அல்லாதோர் என்று 1974இல் அவருடைய நாடே அரசியல் சட்டத்தைத் திருத்தி அறிவித்தது. இஸ்லாமிய நாடுகளின் 1990 கெய்ரோ பிரகடனம் உரிமைகளைப் பட்டியலிட்டுவிட்டு, எல்லாம் ஷரீஅத்துக்கு உட்பட்டவை என்று முடித்தது.

சடங்கு ஒரு பயிற்சியா?

சடங்கைக் கருவியாக்கியவர்கள் தாராளவாதிகள் மட்டுமல்ல. மௌலானா மௌதூதி (1903–1979) தொழுகையையும் நோன்பையும் பெரியதொரு இலக்குக்கான பயிற்சியாக விளக்கினார்; அந்த இலக்கு இறையாட்சியை நிறுவுவது. இதை எதிர்த்தவர்கள் அவரோடு முன்னர் இணைந்திருந்தவர்களே. வஹீதுத்தீன் கான் 1963இல் ஒரு முழு நூலே எழுதினார். அடியானுக்கும் இறைவனுக்கும் இடையிலான உறவே மார்க்கத்தின் உயிர், அதை அரசியலுக்கான ஏணியாக்குவது தலைகீழ் என்றார். அபுல் ஹஸன் அலீ நத்வியின் விமர்சனமும் இதே திசையில் அமைந்தது. இந்த மறுப்பை விழுமியவாதிகளும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தொழுகை ஒற்றுமையை வளர்க்கிறது, நோன்பு பசியை உணர்த்துகிறது என்று பயனை வைத்தே நியாயம் சொன்னால், அதே பயனை வேறு வழியில் பெற்றவருக்குத் தொழுகை தேவையற்றதாகிவிடும்.

மானுடவியலாளர்கள் இன்னொரு கோணத்தைத் திறந்தனர். சடங்கு என்பது உள்ளே இருக்கும் ஒரு கருத்தின் வெளி அடையாளம் என்ற எண்ணமே ஐரோப்பிய வரலாற்றில் உருவானது என்று தலால் அஸத் வாதிட்டார். கெய்ரோவின் பள்ளிவாசல்களில் கூடிக் கற்ற பெண்களை ஆராய்ந்த ஸபா மஹ்மூத், 2005இல் வெளிவந்த நூலில், அவர்களுக்குத் தொழுகை குணத்தின் வெளிப்பாடு அல்ல, குணத்தை வார்க்கும் வழி என்று காட்டினார். ஸாமுலி ஷீல்கே எகிப்திய இளைஞரிடம் கண்டது வேறு: ரமலான் மாதம் முழுக்கக் கட்டுப்பாடாக இருந்துவிட்டுப் பெருநாளுக்குப் பின் பழைய வாழ்க்கைக்குத் திரும்பும் போக்கு.

இந்தியாவிலும் இதற்கு ஓர் உரைகல் உண்டு. 1981இல் நெல்லை மாவட்டம் மீனாட்சிபுரத்தில் பட்டியல் சாதியினர் பெருமளவில் இஸ்லாமைத் தழுவியபோது, சாதி இழிவிலிருந்து விடுதலை என்பதே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. தோளோடு தோள் நிற்கும் தொழுகை வரிசையில் சமத்துவம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தச் சமத்துவம் பெண் எடுப்பதிலும் கொடுப்பதிலும் எந்த அளவுக்குச் செல்கிறது என்று பார்த்தால், இந்திய முஸ்லிம்களிடையே சாதி போன்ற படிநிலைகள் நீடிப்பதை 1973இல் இம்தியாஸ் அஹ்மத் தொகுத்த ஆய்வு நூல் முதல் பின்தங்கிய முஸ்லிம்களின் இன்றைய பஸ்மாந்தா இயக்கம் வரை பலரும் சுட்டியிருக்கிறார்கள். சடங்கு தரும் அனுபவம் தானாகவே வாழ்க்கைக்குள் பரவிவிடுவதில்லை.

எவை தீரவில்லை?

சில தரவுகள் கிடைத்துள்ளன. பாகிஸ்தானில் ஹஜ் விண்ணப்பதாரர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததால், சென்றவரையும் வாய்ப்புக் கிட்டாதவரையும் ஒப்பிட முடிந்தது. 2006இல் விண்ணப்பித்த 1,600க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து கிளிங்கிங்ஸ்மித், குவாஜா, கிரெமர் மூவரும் 2009இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஹஜ் சென்றவர்களிடம் தொழுகை முதலான வணக்கங்களில் ஈடுபாடு கூடியிருந்தது. அதோடு பிற இனத்தார், பிற பிரிவினர், பிற மதத்தினர் மீது இணக்கமும், பெண் கல்விக்கு ஆதரவும் கூடியிருந்தன. மராகேஷ் கடைக்காரர்களிடம் நடந்த சிறு ஆய்வொன்றில், பாங்கு ஒலிக்கும்போது அவர்கள் தர்மத்துக்கு ஒதுக்க முன்வந்த அளவு உயர்ந்தது. ஒலி ஓய்ந்தபின் அந்த விளைவு நீடிக்கவில்லை.

வணக்கம் ஏறினால் விழுமியம் இறங்கும் என்ற எண்ணத்தை இவை பலவீனப்படுத்துகின்றன. வணக்கம் இல்லாமல் விழுமியம் வளராது என்பதற்கு இவை சான்றாகா. ஹஜ் என்பது வணக்கம் மட்டுமல்ல. பல நாட்டு மனிதரோடு வாரக்கணக்கில் கூடி வாழ்வதும் அதில் அடங்கும். மாற்றம் எதனால் வந்தது என்பதைப் பிரித்தறிவது கடினம்.

முஃதஸிலாக்களும் அஷ்அரிகளும் விட்டுச்சென்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. ஒரு சட்டத் தீர்ப்பும் நாம் உணரும் நீதியும் மோதும் இடத்தில் எது வளைய வேண்டும்? அடிமை முறையைப் பொறுத்தவரை உலக முஸ்லிம்கள் ஏறத்தாழ ஒருமனதாக நீதியின் பக்கம் வந்துவிட்டார்கள், அதை அனுமதித்த ஃபிக்ஹ் அத்தியாயங்கள் இன்னும் நூல்களில் இருந்தபோதும். மதம் மாறியவருக்கான தண்டனை, பெண்ணின் வாரிசுரிமை ஆகியவற்றில் அத்தகைய ஒருமிப்பு இல்லை. முதலாவதில் சாத்தியமானது மற்றவற்றில் ஏன் ஆகவில்லை என்பதற்கு, நோக்கங்களின் கோட்பாடு இதுவரை நிறைவான விளக்கம் தரவில்லை. அடிமை முறை ஒழிந்ததில் காலனிய அரசுகளின் நெருக்குதலுக்கும் பொருளாதார மாற்றத்துக்கும் இருந்த பங்கைக் கழித்துவிட்டு, ஆலிம்களின் அற வாதம் எவ்வளவு செய்தது என்று அளந்தால்தான் அந்த விளக்கத்தை நெருங்க முடியும்.

விழுமியங்கள் தலைமுறை தாண்டுவது எப்படி என்பது இன்னும் குறைவாகவே ஆராயப்பட்ட பகுதி. தொழுகையை விட்டுவிட்டு ஸகாத்தை மட்டும் தொடரும் குடும்பங்களில் மூன்றாம் தலைமுறையின் கொடை என்ன ஆகிறது? ஐந்து வேளையும் தவறாத குடும்பங்களில் வேலையாளுக்குக் கூலி உரிய நேரத்தில் கிடைக்கிறதா, பெண்பிள்ளையின் பங்கு அவள் கைக்கு வருகிறதா? ஹஜ் ஆய்வு சில மாதங்களைத்தான் அளந்தது. இந்தக் கேள்விகளுக்கு, ஊர் மஹல்லாக்களின் கணக்கேடுகளையும் குடும்பங்களின் பாகப்பிரிவினைப் பத்திரங்களையும் வைத்துப் பல பத்தாண்டுகளைப் பின்தொடரும் ஆய்வுகள் வேண்டும்.